எந்தத் தற்காப்பு எவ்வளவு தாங்கும்?

2024 நவம்பர் 25, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்த குகேஷ், ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். எதிரே டிங் லிரென் தன் ராஜா சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பிரெஞ்சுத் தற்காப்பு! நேரலை பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தோம். உலகப் பட்ட மேடையில் அபூர்வமாக மட்டுமே தலைகாட்டும் ஓப்பனிங் அது. தன் பிஷப் ஒன்றைத் தானே பூட்டி வைக்கும் அமைப்பு என்பதால் எஞ்சின்களுக்கு அதன் மேல் பெரிய மதிப்பு கிடையாது. 42 நகர்வில் டிங் வென்றார்.

முந்தைய ஆண்டு அஸ்தானாவில் இதே டிங், இதே பிரெஞ்சை, உலகப் பட்டத்தின் ஏழாவது ஆட்டத்தில் நெபோம்னியாச்சிக்கு எதிராக ஆடியிருந்தார். நல்ல நிலையை எட்டிய பிறகு கடிகாரம் நெருக்க, கை ஓடாமல் உறைந்துபோய்த் தோற்றார். ஆடியவர் ஒருவரே, தற்காப்பும் ஒன்றே. ஒரு முறை தோல்வி, ஒரு முறை வெற்றி. அப்படியானால் பிரெஞ்சு நல்ல தற்காப்பா, கெட்டதா?

நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மாவட்டப் போட்டி நடக்கும் மண்டபங்களின் வராந்தாவில் பெற்றோரும் பிள்ளைகளும் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், கறுப்புக்கு எது ஆடலாம்?" என்பதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்கும் முயற்சி. 

முதலில் வெள்ளையின் சாதகம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைத் தொகுத்தால், டிராவை அரைப் புள்ளியாகக் கணக்கிட்டு, வெள்ளை நூற்றுக்கு 52 முதல் 56 வரை எடுக்கிறது. முதல் நகர்வு தரும் லாபம் அவ்வளவுதான். 1939-இல் அமெரிக்கரான வீவர் ஆடம்ஸ், வெள்ளை ஆடி வெல்லலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு புத்தகம் எழுதினார். ஹங்கேரியின் ஆந்த்ராஷ் அடோர்யான் அதற்கு நேர் எதிராக, கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டு எழுதினார். இருவரில் அடோர்யான் பக்கம்தான் காலம் சாய்ந்திருக்கிறது. சரியாக ஆடினால் செஸ் டிரா என்பதே இன்று பரவலான கருத்து.

எல்லாத் தற்காப்புகளும் கடைசியில் டிராதான் என்றால், அவற்றை எதை வைத்து ஒப்பிடுவது? எஞ்சின் காட்டும் புள்ளி, இரு பக்கமும் பிழையே இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. என் அளவுகோல் வேறு. ஒரு தற்காப்பில் நாம் ஒரு சின்னத் தவறு செய்தால் எவ்வளவு இழக்கிறோம்? அதே அளவு தவறை எதிராளி செய்தால் அவருக்கு எவ்வளவு போகிறது? தவறைத் தாங்கும் தெம்பு இரு பக்கமும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் ஒரு தற்காப்பின் குணம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கீழே வரும் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

வெள்ளை இ4 ஆடினால் நேராக இ5 என்று பதில் சொல்வது மிகப் பழைய வழி. இதில் மிகவும் பேசப்பட வேண்டியது பெர்லின். வெள்ளை தன் பிஷப்பை பி5-க்குக் கொண்டுவரும் ஸ்பானிஷ் ஆட்டத்தில், கறுப்பு குதிரையை எஃப்6-இல் வைத்து இ4 சிப்பாயைத் தாக்குகிறது. சில பரிமாற்றங்கள் நடந்து எட்டாவது நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போய்விடுகின்றன. கறுப்பு ராஜா கேஸ்லிங் செய்யும் உரிமையை இழந்து நடுவில் நிற்கிறது. சி வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. மற்ற காய்களையெல்லாம் எடுத்துவிட்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருந்தால் வெள்ளைக்குத்தான் வெற்றி வாய்ப்பு. பார்த்தால் கறுப்பு பாதி தோற்றதுபோலத் தெரியும்.

2000-ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக் இதைத்தான் காஸ்பரோவ் முன் வைத்தார். 1, 3, 9, 13 என நான்கு ஆட்டங்களில் அந்த ராணியில்லா நிலை வந்தது, நான்கும் டிரா. உலகின் மிகக் கூர்மையான தாக்குதல்காரர் ராணி இல்லாமல் கட்டிட வேலை பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தொடர் முழுவதிலும் காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 8.5-6.5 என்று பட்டம் கைமாறியது. இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிராம்னிக்கின் இரண்டு வெற்றிகளும் வெள்ளையில் வந்தவை. ஒன்று காஸ்பரோவின் குருன்ஃபெல்டுக்கு எதிராக, மற்றது நிம்சோ-இந்தியனுக்கு எதிராக. துடிப்பான தற்காப்புகள் ஒழுகின, அசையாத தற்காப்பு ஒரு சொட்டுகூட விடவில்லை. உலகப் பட்டத்துக்குத் தயாராகும் எல்லோருடைய பெட்டியிலும் பெர்லின் ஏறியது இப்படித்தான்.

அதன் நிழல் சென்னை வரை நீண்டது. 2013-இல் ஆனந்தும் கார்ல்சனும் இங்கே மோதியபோது, நான்காவது ஆட்டத்தில் கார்ல்சன் கறுப்பில் பெர்லின் ஆடி, ஏ2 சிப்பாயையும் பிஷப்பால் எடுத்துக்கொண்டார். ஆனந்த் 64 நகர்வுகள் போராடித்தான் டிரா செய்ய முடிந்தது. ஆறாவது ஆட்டத்தில் ராணிகள் மாறாத அமைதியான வழியை ஆனந்த் தேர்ந்தெடுத்தார். கார்ல்சன் 67 நகர்வில், யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், ஜெயித்தார். பெர்லின் டிராவுக்கான ஆயுதம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு சோச்சியில் பட்டத்தை முடித்துவைத்த பதினோராவது ஆட்டமும் பெர்லின்தான். அங்கே வெள்ளையில் ஆடி வென்றவர் கார்ல்சன்.

என் அளவுகோலில் பெர்லின் எங்கே நிற்கிறது? அங்கே திடீர் மரணம் கிடையாது. ஒரு தவறு நடந்தால் நிலை கொஞ்சம் மோசமாகும், அவ்வளவுதான். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் கொஞ்சத்தைப் பொறுத்துக்கொண்டு நாற்பது நகர்வு உட்காரும் மனம் வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. முடிவாட்டம் தெரியாதவருக்கு பெர்லின் வெறும் வறட்சி.

பெட்ராஃப் என்ற ரஷ்யத் தற்காப்பையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். தன் இ5 சிப்பாய் தாக்கப்படும்போது காப்பாற்றாமல் பதிலுக்கு வெள்ளையின் இ4 சிப்பாயைத் தாக்குவது அதன் தத்துவம். சலிப்பூட்டும் ஓப்பனிங் என்று பெயர் வாங்கியது. 2018 பெர்லின் கேண்டிடேட்ஸில் கருவானா அதை வைத்தே கறுப்பில் கிராம்னிக்கை வீழ்த்தினார். மார்ஷல் தாக்குதல் வேறு ரகம். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு வெள்ளை ராஜாவின் மேல் பாய்வது. 1918-இல் நியூயார்க்கில் மார்ஷல் அதைக் காபப்லங்காவின் மேல் பாய்ச்சியபோது காபப்லங்கா தாங்கி வென்றார். ஆனாலும் ஓப்பனிங் செத்துவிடவில்லை. 2004-இல் பிரிசாகோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில், கணினி சொன்ன கணக்கை நம்பி ஒரு வரிசைக்குள் நுழைந்த கிராம்னிக்கை, மார்ஷல் ஆடிய லேகோ பலகையிலேயே மறுத்து வீழ்த்தினார். அன்றைய எஞ்சினின் பார்வை முடிந்த இடத்துக்கு அப்பால் லேகோ பார்த்திருந்தார்.

இனி சிசிலியன். வெள்ளையின் இ4-க்கு சி5. கறுப்பு ஓரச் சிப்பாய் ஒன்றைக் கொடுத்து வெள்ளையின் நடுச் சிப்பாயை வாங்குகிறது. நடுவில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை, யானைக்குப் பாதி திறந்த சி வரிசை. இரண்டும் நெடுங்காலச் சொத்துக்கள். இதற்குக் கொடுக்கும் விலை நேரம். வெள்ளையின் காய்கள் முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். சொத்தை அனுபவிக்கும் வரை ராஜா உயிரோடு இருக்க வேண்டும்.

இதில் நஜ்டோர்ஃப் எல்லோரையும் மயக்கியது. போலந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் வாழ்ந்த மிகேல் நஜ்டோர்ஃபின் பெயர் தாங்கியது. ஃபிஷரும் காஸ்பரோவும் தங்கள் வாழ்நாள் வெற்றிகளில் பெரும்பங்கை அதன் மேல் கட்டினார்கள். ஃபிஷரின் அனுபவமே அதன் விலையையும் காட்டுகிறது. 1972 ரெய்க்யாவிக்கில் பதினோராவது ஆட்டம். பி2-இல் கிடக்கும் "நஞ்சூட்டிய சிப்பாயை" ஃபிஷர் ராணியால் எடுத்தார். ஸ்பாஸ்கி தன் குதிரையைத் தொடங்கிய இடமான பி1-க்கே திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஃபிஷரின் ராணி வலையில் சிக்கியது. அடுத்து ஸ்பாஸ்கி மீண்டும் இ4 ஆடிய பதின்மூன்றாவது ஆட்டத்தில், ஃபிஷர் சிசிலியனைத் தொடாமல் அலெகைன் தற்காப்புக்குத் தாவினார். நீண்ட ஆட்டத்தில் ஜெயித்தும் காட்டினார். உலகிலேயே நஜ்டோர்ஃபை அதிகம் அறிந்தவருக்கே அதில் ஒரு நகர்வு தப்பினால் ராணி போகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் படிக்கும் பள்ளி மாணவருக்கு என்ன ஆகும்?

இருபுறமும் தவறு பெரிதாகத் தண்டிக்கப்படும் தற்காப்பு சிசிலியன். சமமான பலமுள்ளவர்களிடையே அது நியாயமான சூதாட்டம். தன்னைவிடப் பலம் குறைந்தவரை வென்றே ஆக வேண்டுமானால் அதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு சிக்கல் உண்டு. படித்து வைத்த நஜ்டோர்ஃப் பலகைக்கு வருவதே அரிது. நம் ஊர்ப் போட்டிகளில் வெள்ளை முக்கிய வழிக்குள் போகாமல் அலாபின், மோரா கேம்பிட், ரோசோலிமோ என்று பக்கவாட்டில் ஒதுங்கிவிடுகிறது. 2018 லண்டனில் கருவானா ஆறு முறை இ4 ஆட, ஆறு முறையும் கார்ல்சன் சி5 என்றார். முதல் மூன்றில் கருவானா ரோசோலிமோவில் ஒதுங்கினார், பின் மூன்றில் ஸ்வெஷ்னிகோவ் வந்தது. பன்னிரண்டு ஆட்டங்களும் டிரா. அந்த ஸ்வெஷ்னிகோவ் ஆட்டங்கள் டிராவில் முடிந்தாலும் கயிற்றின் மேல் நடந்த நடைகள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சும் காரோ-கானும் அண்ணன் தம்பி. இரண்டுமே அடுத்த நகர்வில் டி5 என்று நடுவைக் கேள்வி கேட்கின்றன. அண்ணன் இ6-இன் துணையோடு கேட்கிறான், தம்பி சி6-இன் துணையோடு. வித்தியாசமெல்லாம் சி8-இல் இருக்கும் பிஷப்பின் தலைவிதியில். பிரெஞ்சில் இ6 சிப்பாய் அந்த பிஷப்பின் வாசலை அடைத்துவிடுகிறது. பல ஆட்டங்களில் அது கடைசி வரை சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காரோ-கானில் பிஷப் முதலில் எஃப்5-க்கு வெளியே வந்துவிடும், பிறகுதான் கதவு சாத்தப்படும். அதற்கு விலையாக சி சிப்பாய் முதலில் சி6, பிறகு சி5 என்று இரண்டு தவணையில் போக வேண்டியிருக்கும். ஒரு நகர்வு நஷ்டம். குதிரைக்கு இயல்பான சி6 கட்டமும் இல்லாமல் போகும்.

பிரெஞ்சின் பெயர் 1834-இல் லண்டனும் பாரிஸும் கடிதம் மூலம் ஆடிய ஆட்டத்திலிருந்து வந்தது. நான் அதைப் பத்து வருடத்துக்கு மேல் ஆடியவன் என்பதால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். அதன் அழகு அதன் தெளிவில் இருக்கிறது. வெள்ளை இ5-க்குத் தள்ளியதும் சிப்பாய்ச் சங்கிலி பூட்டிக்கொள்கிறது. யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பலகையே சொல்லிவிடும். வெள்ளைக்கு ராஜா பக்கம், கறுப்புக்கு ராணி பக்கம். கறுப்பு சி5 தள்ளி டி4-ஐ உடைக்கும், தேவைப்பட்டால் எஃப்6 தள்ளி இ5-ஐயும் உடைக்கும். மனப்பாடம் குறைவு, புரிதல் அதிகம். சிங்கப்பூர் முதல் ஆட்டத்தில் நடந்ததும் இதுதான். குகேஷ் ராஜா பக்கம் சிப்பாய்களை முன்னே அனுப்பினார். தாக்குதல் வந்து சேர்வதற்குள் டிங் ராணிப் பக்கத்தைத் திறந்துவிட்டார். தன் தாக்குதல் பிந்தினால் வெள்ளையின் பின்பக்கம் காலியாக இருக்கும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் நம்பும் உண்மை. போட்வின்னிக், கோர்ச்னாய், கிழக்கு ஜெர்மனியின் ஊல்மன் எல்லோரும் இதை நம்பி வாழ்ந்தவர்கள். ஊல்மன் இ4-க்குக் கிட்டத்தட்ட வேறு எதையுமே ஆடியதில்லை.

பிரெஞ்சு தாங்காத இடமும் உண்டு. ராஜா பக்கம் இடம் குறைவு. எஃப்6-இல் நிற்க வேண்டிய குதிரை இ5 சிப்பாயால் துரத்தப்பட்டுவிடும். எச்7-இல் பிஷப் விழுந்து நடக்கும் பழைய தியாகம் பிரெஞ்சு அமைப்பில் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவில் வைக்காமல் கேஸ்லிங் செய்த பிள்ளைகள் அழுதுகொண்டு மேசையை விட்டு எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காரோ-கான், ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவரின் பெயரால் 1886 முதல் அறியப்படுகிறது. காபப்லங்கா, பெட்ரோசியான், கார்போவ் என்று அதன் குருபரம்பரை முழுக்க நிதானிகள். 1958-இல் ஸ்மிஸ்லோவுக்கு எதிரான மறு போட்டியின் முதல் ஆட்டத்திலேயே போட்வின்னிக் அதை எடுத்து வென்றார். 1961-இல் தால் என்ற நெருப்பை அணைக்கவும் அதையே நம்பி 13-8 என்று பட்டத்தை மீட்டார். சென்னையில் ஆனந்த் தன் முதல் வெள்ளை ஆட்டத்தில் இ4 தள்ளியபோது கார்ல்சன் வைத்த பதிலும் காரோ-கான்தான். 25 நகர்வில் டிரா.

"சார், காரோ-கான் ஆடினா டிரா மட்டும்தானே வரும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நான் இரண்டு நிலைகளைக் காட்டினேன். முதலாவது: கறுப்பு குதிரையை டி7-இல் வைத்த பின் வெள்ளை ராணியை இ2-க்குக் கொண்டுவருகிறது. கறுப்பு யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் இறங்கும். ஆறாவது நகர்விலேயே மேட். இ7 சிப்பாய் ராணியின் பார்வையில் கட்டுண்டு கிடப்பதால் குதிரையை எடுக்க முடியாது. இரண்டாவது: 1997 மே 11, நியூயார்க், டீப் புளூவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். காஸ்பரோவ் காரோ-கான் ஆடினார். ஏழாவது நகர்வில் எச்6 தள்ளி ஜி5-இல் நின்ற குதிரையை விரட்டப் பார்த்தார். இயந்திரம் குதிரையை இ6-இல் தியாகம் செய்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. காரோ-கான் மோசமான தற்காப்பு என்று அன்று யாரும் முடிவுகட்டவில்லை. தன் இயல்புக்குப் பொருந்தாத தற்காப்பை, அதன் நகர்வு வரிசையை மாற்றி, களைத்துப்போன நாளில் ஒரு மனிதர் ஆடினார். பாறை போன்ற தற்காப்பிலும் ஓரிரு இடங்களில் வெடிப்பு இருக்கும். காரோ-கானில் அந்த இடங்கள் கைவிரலுக்குள் அடங்கும் என்பதுதான் அதன் பெருமை. நஜ்டோர்ஃபில் நகர்வுக்கு ஒன்று இருக்கும்.

வெள்ளை டி4 ஆடினால் கதை வேறு. அங்கே ஆட்டம் மெதுவாகக் கொதிக்கும்.

ராணி கேம்பிட்டை மறுக்கும் பழைய தற்காப்பு, அதாவது டி5, இ6 என்ற சுவர், செஸ்ஸின் இலக்கணப் புத்தகம். 1927-இல் புவெனஸ் ஐரிஸில் காபப்லங்காவும் அலெகைனும் 34 ஆட்டம் ஆடினார்கள். அதில் 32 இந்த ஒரே தற்காப்பு. இருவருமே கறுப்பில் இதைவிட நல்லது இல்லை என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சி8 பிஷப் இங்கேயும் அடைபட்டுத்தான் கிடக்கும், ஆனால் ராஜா பக்கம் யாரும் எளிதில் நுழைய முடியாது. 2010-இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் புள்ளிகள் சமம், ஆனந்துக்குக் கறுப்பு. அவர் எடுத்தது இந்தக் குடும்பத்திலேயே மிகப் பழமையான லாஸ்கர் வழி. குதிரையை இ4-இல் வைத்து இரண்டு மூன்று காய்களை மாற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் முறை. டிரா ஆகியிருந்தால் விரைவு ஆட்டங்கள். அதைத் தவிர்க்க நினைத்த டோபலோவ், சமநிலையில் சிப்பாய்களைப் பிடித்து ஆட்டத்தைத் திறந்தார். திறந்தது அவருடைய ராஜாவின் வாசல். ஆனந்த் கறுப்பில் வென்று பட்டத்தைக் காத்தார். சாதுவான தற்காப்பு எதிராளியின் பொறுமையைத் தின்னும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

அதே ஆனந்த் 2008-இல் பானில் கிராம்னிக்கை வீழ்த்திய விதம் இதற்குத் தலைகீழ். செமி-ஸ்லாவின் மெரான் கிளையில் பிஷப்பை பி7-இல் நிறுத்தி, தன் ராஜா பக்கச் சிப்பாய் அமைப்பு சிதைவதை அனுமதித்து, வெள்ளை ராஜாவின் மேல் காய்களைக் குவித்தார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்கள் இரண்டிலும் கறுப்பில் வெற்றி. வீட்டுத் தயாரிப்பு முழுவதும் ஆனந்திடம் இருந்தது; தவறுக்கான சுமை முழுவதும் கிராம்னிக்கின் தோளில் ஏறியது. கூர்மையான தற்காப்பை இப்படிப் பயன்படுத்துவதற்கு மாதக்கணக்கில் உழைக்கும் உதவியாளர் குழு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தியத் தற்காப்புகள் என்ற பெயருக்கு நம் நாட்டோடு உண்மையான உறவு உண்டு. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன், மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளியோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பதிவு செய்தார். பழைய இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் நடுவை உடனே பிடிக்க ஓடாமல் ஜி6, டி6 என்று மெல்ல நகர்த்தி, பிஷப்பை மூலையிலிருந்து ஊடுருவப் பார்ப்பது இயல்பு. 1855-இல் அவர் ஆடிய ஒரு ஆட்டத்தின் தொடக்கம் பின்னாளில் குருன்ஃபெல்டின் பெயரால் அழைக்கப்பட்டது. எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதை ஆடியது 1922-இல். பெயர் வியன்னாக்காரருக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தக் குடும்பத்தில் ராஜா இந்தியன்தான் என் அளவுகோலை மிகவும் சோதிப்பது. எஞ்சினைக் கேட்டால் கறுப்புக்கு இடம் போதாது, வெள்ளைக்குத் தெளிவான மேன்மை என்று சொல்லும். அதில் பொய்யில்லை. வெள்ளை ராணிப் பக்கம் சி5 என்று உடைத்து நுழையும். கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5 என்று வெள்ளை ராஜாவை நோக்கிச் சிப்பாய்களை ஓட்டும். பிழையைக் கணக்கிடும்போது படம் மாறுகிறது. வெள்ளை ஜெயித்தால் கறுப்பு ஒரு சிப்பாயோ ஒரு யானை வரிசையோ இழக்கிறது. வெள்ளை ஒரு நகர்வு பிந்தினால் ராஜாவையே இழக்கிறது. அதனால்தான் மனிதர்களின் கையில் இந்தத் தற்காப்பு அதன் புள்ளியைவிட நன்றாக நடந்துகொள்கிறது. ஆனால் உச்சத்தில் வெள்ளை அந்த நகர்வைப் பிந்துவதில்லை. 1990-களில் கிராம்னிக் ஒன்பதாவது நகர்வில் பி4 தள்ளும் பயோனெட் தாக்குதலைக் கூர்தீட்டி வந்ததும், ராஜா இந்தியனின் மிகப் பெரிய தளபதியான காஸ்பரோவே அதைக் கீழே வைத்துவிட்டார்.

குருன்ஃபெல்ட் வெள்ளைக்கு நடுவை முழுதாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதையே சுமையாக்கப் பார்ப்பது. 1956-இல் பதின்மூன்று வயது ஃபிஷர் டோனல்ட் பைர்னுக்கு எதிராக ராணியைத் தியாகம் செய்த ஆட்டம் இதிலிருந்து பிறந்தது. அழகுக்கு முதல் பரிசு கொடுப்பேன். மனப்பாடச் சுமையில் நஜ்டோர்ஃபுக்கு அடுத்த இடமும் கொடுப்பேன். நிம்சோ-இந்தியன் இவற்றில் மிக முழுமையானது. பிஷப்பை பி4-இல் வைத்து சி3 குதிரையைக் கட்டி, தேவைப்பட்டால் மாற்றிக்கொண்டு, வெள்ளையின் சிப்பாய்களை இரட்டையாக்குகிறது. கறுப்பு ஒரு பிஷப்பைக் கொடுத்து நிரந்தரமான ஒரு இலக்கை வாங்குகிறது. சென்னையின் ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்றே தீர வேண்டிய நிலையில் டி4 ஆட, கார்ல்சன் நிம்சோ வைத்தார். ஆனந்தின் தாக்குதல் ராஜா பக்கம் வளர, கார்ல்சனின் பி சிப்பாய் மறுபக்கம் நடந்து நடந்து ராணியானது. செக்கைத் தடுக்க ஆனந்த் 28-ஆவது நகர்வில் குதிரையை எஃப்1-இல் வைத்தார். கறுப்பு ராணி இ1-க்கு வந்ததும் ஆட்டம் முடிந்தது. பிஷப்பை வைத்திருந்தால் போராட்டம் தொடர்ந்திருக்கும். அன்று அந்த அறையின் அமைதியைத் திரையில் பார்த்தபோது ஏற்பட்ட கனம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

டச்சு, பெனோனி, பென்கோ கேம்பிட் ஆகியவற்றை விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. டச்சு முதல் நகர்விலேயே தன் ராஜாவின் சுவரை மெலிதாக்குகிறது. பெனோனி தால் போன்றவர்களுக்கு உரியது. பென்கோவில் ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பெறும் ஏ, பி வரிசை அழுத்தம் நிஜமானது. நடுத்தர ஆட்டக்காரர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது. ஸ்காண்டிநேவியன் 1475 வாக்கில் வாலென்சியாவில் ஆடப்பட்ட ஆட்டத்திலேயே இருக்கிறது, நேரமில்லாதவர்களுக்கு ஏற்றது. 1980-இல் ஸ்காராவில் டோனி மைல்ஸ் உலகச் சாம்பியன் கார்போவின் இ4-க்கு ஏ6 என்று பதில் சொல்லி ஜெயித்த செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். ஏ6 நல்ல நகர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று அரங்கில் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மனிதர் இருந்தார்.

ஆகவே வராந்தாவில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். 1600 ரேட்டிங் வரை இ4-க்கு இ5 ஆடுங்கள். திறந்த நிலையில் காய்களைக் கொண்டுவரும் வேகம் அங்கேதான் கையில் படியும். அதற்குப் பிறகு காரோ-கானோ பிரெஞ்சோ, பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்து. அடைபட்ட நிலையில் திட்டம் போடப் பிடிக்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு, காய்கள் சுத்தமாக வெளியே வர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்குக் காரோ-கான். டி4-க்கு ராணி கேம்பிட் மறுப்பு, பிறகு நிம்சோ. ராஜா இந்தியன் ஆட ஆசைப்படும் பிள்ளையை நான் தடுப்பதில்லை. அந்த ஆசையோடு வரும் உழைப்பு வேறு எந்தத் தற்காப்பிலும் அந்தப் பிள்ளையிடமிருந்து வராது. நஜ்டோர்ஃபை மட்டும் தள்ளிப் போடச் சொல்வேன்.

சிங்கப்பூரின் பதினான்காவது ஆட்டத்தில் கறுப்பு குகேஷுக்கு. புள்ளி 6.5-6.5. வெள்ளையில் இருந்த டிங், குதிரையை எஃப்3-க்கு எடுத்து, பிஷப்பை ஜி2-இல் வைத்து, கறுப்புக்கு நடுவைக் கொடுத்தார். ஒரு நகர்வு கூடுதலாக உள்ள குருன்ஃபெல்ட் அது. வெள்ளையே தற்காப்பு ஆடியது. அதன் வேலையையும் அது செய்தது. காய்கள் குறைந்தன, ராணிகள் போயின, யானையும் பிஷப்பும் மிஞ்சிய நிலையில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சாதாரணமாக டிரா ஆகும் நிலை. பதினெட்டு வயதுப் பையன் கை குலுக்காமல் நகர்த்திக்கொண்டே இருந்தான். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-இல் வைத்தார். யானைகள் மாறின. குகேஷின் பிஷப் டி5-க்கு வந்தது. மூலையில் இருந்த வெள்ளை பிஷப் தப்பிக்க வழியில்லாமல் அதனோடு மாற வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும். இரண்டு கறுப்பு, ஒன்று வெள்ளை. 58-ஆவது நகர்வில் கறுப்பு ராஜா இ5-இல் நின்றதும் டிங் கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினார்.